மே மாதம் தனுஷ்கோடி ட்ரிப்: பையில் எது இருக்கணும், எது வேண்டாம்?

ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போட்டாச்சா? 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதில் இருந்து ரயில் மறுபடியும் தீவுக்குள்ளேயே போகிறது. சென்னையில் இரவு ஏறினால் காலையில் ராமேஸ்வரம். அங்கிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து கிளம்பி, திங்கள்கிழமை லாகின் நேரத்துக்குத் திரும்பிவிடலாம் என்று பலரும் கணக்கு போடுகிறார்கள்.

கணக்கு சரிதான். இடிப்பது பேக்கிங்கில்தான். கடற்கரை என்றதும் போட்டோவை மனதில் வைத்துத்தான் துணி எடுக்கிறோம். தனுஷ்கோடியில் அது போதாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊர் திரும்பக் கட்டப்படவே இல்லை. இடிந்த சர்ச், ரயில்வே ஸ்டேஷனின் மிச்சச் சுவர்கள், மீனவர் குடிசைகள், மீன் வறுவலும் சிப்பி மாலையும் விற்கும் சில கீற்றுக்கொட்டகைகள். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ராமேஸ்வரம் கடைத்தெருவில் துண்டு, தொப்பி, சோப்பு எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். அரிச்சல்முனையில் நிழலை வாங்க முடியாது, கையோடு கொண்டுபோக வேண்டும்.

'35 டிகிரிதானே, மதுரையைவிடப் பரவாயில்லையே?'

போனில் வெதர் ஆப் பார்த்துவிட்டுப் பலர் சொல்வது இது. கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும் நாளிலும் பாம்பனில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் காட்டும். கடல் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். ஆனால் அதே கடலால் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் வியர்வை சொட்டுமே தவிர, சீக்கிரம் ஆவியாகாது. 35 டிகிரியிலேயே தலைசுற்றுவது இதனால்தான்.

இன்னொன்று புற ஊதாக் கதிர். ராமேஸ்வரம் இருப்பது 9 டிகிரி அட்சரேகையை ஒட்டி. ஏப்ரல் நடுவில் சூரியன் அங்கே நேர் உச்சியில் வரும். மே மாத நண்பகலிலும் உங்கள் நிழல் காலடியிலேயே கிடக்கும். வெதர் ஆப்பில் 'யூவி இண்டெக்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். அது 3-ஐத் தாண்டினாலே பாதுகாப்பு தேவை, 11-க்கு மேல் போனால் மிகத் தீவிரம் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். மேலே இருந்து வருவது போதாதென்று, காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி முகத்திலேயே அடிக்கும். காற்று வீசிக்கொண்டே இருப்பதால் தோல் எரிவதே தெரியாது. ரூமுக்கு வந்து குளிக்கும்போதுதான் தெரியும்.

ஒரு டியூப் எத்தனை பேருக்கு?

நாலு பேர் கொண்ட கேங்குக்கு 50 மில்லி சன்ஸ்கிரீன் ஒன்று. இதுதான் வழக்கம். தோல் மருத்துவர்கள் சொல்லும் அளவை வைத்துப் பார்த்தால் முகம், கழுத்துக்கு ஒரு டீஸ்பூன், ஒவ்வொரு கைக்கும் ஒரு டீஸ்பூன். அரைக்கை டி-ஷர்ட் போட்ட ஒருவருக்கு ஒரு தடவைக்கே 15 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். காலை 10 முதல் மாலை 4 வரை வெளியில் இருந்தால் மூன்று சுற்று. அதாவது அந்த டியூப் ஒரே ஆளுக்கு, ஒரே நாளில் தீர்ந்துவிடும்!

அதற்காக நாலு டியூப் வாங்க வேண்டியதில்லை. லூசான முழுக்கைச் சட்டை ஒன்று எடுத்துவைத்தால் தேவை மூன்றில் ஒரு பங்காகிவிடும். இந்த ட்ரிப்புக்கு வாங்குவதில் காசுக்கு ஏற்ற பொருள் அதுதான். மெல்லிய வெள்ளை டி-ஷர்ட் நனைந்துவிட்டால் கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும். நெருக்கமான நெசவுள்ள துணி பார்த்து எடுங்கள்.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப் 30 என்பது யூவி-பி கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்காக இரு மடங்கு விலை கொடுப்பதைவிட, 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்போதுதான் யூவி-ஏ கதிருக்கும் பாதுகாப்பு. 'நம்ம கலருக்கு இதெல்லாம் எதுக்கு' என்பவர்களுக்கு: மெலனின் ஓரளவு காக்கும், முழுசாகக் காக்காது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை கூட வந்தால் கிரீம் வேண்டாம், வெயிலில் எடுத்துப்போகாமல் இருப்பதே வழி.

குடை எடுப்பவர்கள் யோசிக்கவும். அரிச்சல்முனைக் காற்றில் மடக்குக் குடை இரண்டு நிமிடத்தில் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். தாடையில் கயிறு கட்டும் அகலத் தொப்பியோ, தலையில் சுற்றிய பருத்தித் துண்டோ தேவலை. கண்ணாடி எடுத்தால் 'யூவி 400' என்று இருக்கட்டும். வெறும் கறுப்புக் கண்ணாடியில் பாப்பா விரியும், கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

22 தீர்த்தமும் ஈரத் துணியும்

ராமநாதசுவாமி கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. அக்னி தீர்த்தக் கடலில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகு ஈரத் துணியோடு சன்னிதிக்குப் போக முடியாது. காய்ந்த மாற்றுத் துணி கட்டாயம். ஜீன்ஸ் போட்டு நனைந்தால் அன்று முழுக்க அது காயாது, எடையும் தாங்காது. வேட்டி, சல்வார், மெல்லிய பேன்ட் போதும். ஈரத் துணியைத் திணிக்க ஒரு ரெக்ஸின் பை வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கேரி பேக் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதால், யாராவது ஒருவர் வெளியில் காவல் இருக்க வேண்டியிருக்கும். பூசிய சன்ஸ்கிரீன் 22 வாளியில் போய்விட்டிருக்கும். மறுபடி பூசிவிட்டுத்தான் தனுஷ்கோடி.

சின்னப் பவுச், பெரிய வேலை

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். அரை டம்ளரில் கொட்டிக் குடிப்பது ஆபத்து. டெட்ரா பேக்கில் இனிப்பாக வருவதெல்லாம் ஓ.ஆர்.எஸ். இல்லை. உலக சுகாதார அமைப்பின் ஃபார்முலா இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

தினமும் மாத்திரை எடுப்பவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற சில மருந்துகள் தோலை வெயிலில் சீக்கிரம் பொசுக்கிவிடும். இன்சுலினை நிறுத்திய காரில் விட்டுப்போகாதீர்கள், ஐஸ் மேல் நேராகவும் வைக்காதீர்கள். உறைந்தால் வீண்தான். பவர் பேங்கும் காருக்குள் கிடக்கக் கூடாது. போனும் சூடானால் தானாகவே ஆஃப் ஆகும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் உச்ச வரம்பே 35 டிகிரிதான். துண்டுக்குள் சுற்றிவைத்துக்கொண்டு, படம் எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

கூட வந்தவர் திடீரென உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ அது சாதாரண மயக்கம் இல்லை, வெப்ப வாதம். பாராசிட்டமால் உதவாது. நிழலுக்கு, இல்லையென்றால் ஏசி போட்ட வண்டிக்குள் தூக்கிப்போய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நீச்சல் உடையை வீட்டிலேயே வைத்துவிடலாம். இரண்டு கடல் சேரும் அரிச்சல்முனையில் நீரோட்டம் பலமானது, அங்கே இறங்குவதே ஆபத்து. குளிக்க அக்னி தீர்த்தம் இருக்கிறது. மாலை ஆனதும் அரிச்சல்முனையில் இருப்பவர்களைப் போலீஸ் கிளப்பிவிடும் என்பதால் சூரிய அஸ்தமன பிளானும் வேண்டாம். விடிந்ததும் வண்டி எடுத்து, 10 மணிக்குள் திரும்பினால் சன்ஸ்கிரீன் இரண்டு சுற்றிலேயே முடிந்துவிடும்.