பெயருக்குள் ஒரு வாழ்த்து

பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் தரும் முதற்பரிசு பெயர். பட்டுச் சட்டை நைந்து போகும். பொற்காப்பு சிறுத்துப் போகும். பெயரோ வாழ்நாள் முழுவதும் உடன் வரும். இதை நன்கு உணர்ந்தவர்கள் ஜப்பானியர். கதைக்கோ நாடகத்திற்கோ ஒரு ஜப்பானியப் பெயர் வேண்டுமென்றால் நாம் என்ன செய்கிறோம்? காதுக்கு இனிய நாலு ஓசைகளைக் கோத்து விடுகிறோம்! உண்மையான ஜப்பானியப் பெயர் அவ்வாறு பிறப்பதில்லை. அது எப்படிப் பிறக்கிறது என்று காண்போமா, தோழியரே?

குடும்பம் முன்னே, பிள்ளை பின்னே

ஜப்பானில் குடும்பப் பெயரை முதலில் சொல்லி, பிள்ளையின் பெயரைப் பின்னர் சொல்வார்கள். பொதுமக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள 1870-ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது; 1875-இல் அது எல்லாருக்கும் கட்டாயமாயிற்று. நிலத்தை ஒட்டிய குடும்பப் பெயர்கள் மிகுதி. ‘தனகா’ என்றால் வயலின் நடு. ‘யாமமோட்டோ’ என்றால் மலையடி. குடும்பப் பெயர் வழிவழியாக வருவது. எனவே பெற்றோர் தம் ஆசையையெல்லாம் பிள்ளையின் சொந்தப் பெயரிலேயே வைக்கிறார்கள்.

ஓசை ஒன்று, பொருள் பல

நம் தமிழ் எழுத்து ஓசையைக் காட்டும். சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த ‘கான்ஜி’ எழுத்தோ பொருளையும் காட்டும். (நாம் காலையில் அருந்தும் கஞ்சி அன்று!) ஆகவே ஒரே ஓசையுள்ள பெயரைப் பல எழுத்துகளால் எழுதலாம். எழுத்து மாறினால் பொருளும் மாறிவிடும்.

‘யோகோ’ என்ற பெண் பெயரை எடுத்துக்கொள்வோம். ஓர் எழுத்தால் எழுதினால் அவள் கடலின் மகள். மற்றோர் எழுத்தால் எழுதினால் கதிரவன் ஒளியின் மகள். இன்னும் ஒன்றால் எழுதினால் இலையின் மகள். மூவரையும் கூப்பிடும்போது ஓசையில் வேறுபாடே இல்லை. ஆகையால், “யோகோ என்றால் என்ன பொருள்?” என்று கேட்பவருக்கு, “எந்த எழுத்தில் எழுதுகிறாள்?” என்பதே சரியான மறுமொழி.

இதற்கு மாறாக, ஒரே எழுத்துக்குப் பல ஓசைகளும் உண்டு. டோக்கியோவில் குப்பை பொறுக்கிப் பிழைத்த ஏழைகளின் ‘எறும்பு ஊரில்’ தொண்டு செய்து, 1958-இல் தம் 28-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்த சதோகோ கிதஹாராவைப் பற்றி நம்மில் சிலர் படித்திருப்போம். அறிவுக்கூர்மையைக் குறிக்கும் எழுத்து அவர் பெயரில் உள்ளது. அதே பெயரை ‘ரெய்கோ’ என்றும் படிக்கலாம். ஞானஸ்நானத்தில் அவர் பெற்ற பெயர் எலிசபெத்து.

‘கோ’ என்னும் குழந்தை

யோகோ, சதோகோ என வரும் பெயர்களின் இறுதியில் உள்ள ‘கோ’ என்பதற்குக் குழந்தை என்று பொருள். முற்காலத்தில் அரண்மனைப் பெண்களுக்கு உரியதாயிருந்த இவ்வழக்கம், இருபதாம் நூற்றாண்டில் எல்லா வீடுகளுக்கும் பரவியது. கஸுகோ அமைதியின் குழந்தை. சச்சிகோ மகிழ்ச்சியின் குழந்தை. 2013 டிசம்பரில் அன்றைய பேரரசர் அகிஹிட்டோவுடன் சென்னைக்கு வந்திருந்த பேரரசி மிச்சிகோவின் பெயரில் அழகு, அறிவு, குழந்தை என்னும் மூன்று எழுத்துகள் உள்ளன. அவருடைய பேத்தி, 2001-இல் பிறந்த இளவரசி ஐகோ, அன்பின் குழந்தை. சீன ஞானி மென்சியஸின் நூலிலிருந்து அப்பெயரைத் தேர்ந்தார்களாம்.

1980-களுக்குப் பின் ‘கோ’ குறைந்துவிட்டது. எனவே பாட்டியின் கதைக்கு சச்சிகோ மிகவும் பொருந்தும். இன்றைய சிறுமிக்கு அழகிய நிலா எனப் பொருள்படும் ‘மித்சுகி’ போன்ற பெயர் பொருந்தும். நிலாவுக்கு ஜப்பானியச் சொல் ‘த்சுகி’ என்று அகராதியில் கண்டதும், அதை அப்படியே பெயராக வைத்துவிடலாகாது. அழகான சொற்களெல்லாம் பெயர்களாகிவிடுவதில்லை அன்றோ?

சட்டமும் சடங்கும்

பிறந்த ஏழாம் நாள் இரவில், தூரிகையால் பெயரைத் தாளில் எழுதி வீட்டில் வைப்பது அவர்கள் வழக்கம். பதினான்கு நாள்களுக்குள் அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பெயருக்கு எல்லா எழுத்துகளையும் பயன்படுத்த முடியாது. ஏறத்தாழ 3,000 கான்ஜி எழுத்துகளையே சட்டம் அனுமதிக்கிறது. ஓசையை மட்டும் காட்டும் ‘கானா’ எழுத்துகளிலும் எழுதலாம். 1993-இல் அகிஷிமா என்னும் நகரில் ஒரு தந்தை தம் மகனுக்குப் பிசாசு எனப் பொருள்படும் ‘அகுமா’ என்ற பெயரை வைக்க முயன்றார். நாடே திகைத்தது. நீதிமன்றம் வரை சென்ற பிறகு, வேறு பெயரே பதிவாயிற்று. 2025 மே மாதம் முதல் பெயரைப் படிக்கும் முறையையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆகவே ஜப்பானியப் பெயர் தேடும் தோழியர் நான்கினை நினைவில் கொள்க: முதலில் வாழ்த்தைத் தேர்க, பின் அதற்குரிய எழுத்தைத் தேர்க, அவ்வெழுத்தைப் பெயரில் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்க, அப்பெயர் ஆணுக்குரியதா பெண்ணுக்குரியதா, எக்காலத்தது என்றும் பார்க்க.

சடகோவின் பெயர்

காகிதக் கொக்குகள் மடித்த சசாகி சடகோவை நாம் அனைவரும் அறிவோம். 1943-இல் ஹிரோஷிமாவில் பிறந்த அவள் பெயரில், நற்பேறு எனப் பொருள்படும் எழுத்து இருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், தங்கள் மகள் நற்பேற்றின் குழந்தையாக வாழட்டும் என்று அந்தப் பெற்றோர் வாழ்த்தினர். அவளுக்கு இரண்டு வயதானபோது அணுகுண்டு விழுந்தது. 1955-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

ஹிரோஷிமா நினைவிடத்தின் வளைவுக்கு அடியில் ஒரு கற்பேழை உள்ளது. மாண்டவர்களின் பெயர்ப் பதிவேடுகள் அதனுள் வைக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் ஆகஸ்டு 6-ஆம் நாள் புதிய பெயர்களைச் சேர்க்கிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் நாம் படிப்பது எண்ணிக்கை. அப்பேழையில் இருப்பவையோ பெயர்கள்: கடலின் மகள், அமைதியின் குழந்தை, மகிழ்ச்சியின் குழந்தை என்று யாரோ ஒரு தாயும் தந்தையும் ஆசையோடு தேர்ந்த எழுத்துகள்.

‘பெயர் சொல்லும் பிள்ளை’ என்று நம் வீட்டுப் பெரியோர் வாழ்த்துவார்கள். பிள்ளை பெயர் சொல்ல வேண்டுமானால், முதலில் வாழ வேண்டும். உலகில் எந்தக் குழந்தையின் பெயரும் முன்கூட்டியே கல்லில் ஏறாதிருக்க வேண்டிக்கொள்வோம்.