சுட்டி, தொடுபலகை அமைப்புகள்

சுட்டி அமைப்புகள் என்பவை, மவுஸ் எனப்படும் சுட்டியும் டச்பேட் எனப்படும் தொடுபலகையும் பயனரின் கை அசைவுக்கு ஏற்ப எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை வரையறுக்கும் கணினி அமைப்புகள் ஆகும். அம்புக்குறி நகரும் வேகம், இரட்டைச் சொடுக்கின் இடைவெளி, முதன்மைப் பொத்தான், உருட்டும் திசை ஆகியன இவற்றுள் முக்கியமானவை. கணினியுடன் வரும் இயல்பிருப்பு மதிப்புகள் எல்லாருடைய கைக்கும் பொருந்துவதில்லை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள், முதியவர்கள், கைநடுக்கம் உள்ளவர்கள், புதிதாகக் கணினி பழகுபவர்கள் ஆகியோர் தமக்குக் கணினி வராது என்று எண்ணுவதற்குப் பல நேரங்களில் இந்த மதிப்புகளே காரணமாகின்றன. சில நிமிடங்களில் இவற்றை மாற்றியமைக்கலாம்.

வரலாறு

டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் கருத்தைக் கொண்டு பில் இங்கிலீஷ் 1964இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் முதல் சுட்டியை மரப்பெட்டி வடிவில் உருவாக்கினார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அது பொதுவில் செய்துகாட்டப்பட்டது. 1984இல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாசு கணினி சுட்டியைப் பரவலாக்கியது. தொடுபலகை 1990களில் மடிக்கணினிகளில் இடம்பிடித்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் இதில் பயன்பெற்றனர். கனோன் மர்காஷிஸ் பெயரில் மேல்நிலைப்பள்ளியும் கல்லூரியும் உள்ள தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் போன்ற ஊர்களில், பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி இத்தகைய மடிக்கணினியே. அதில் கைக்கு முதலில் கிடைப்பது சுட்டி அன்று, தொடுபலகை.

இம்மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. ஓர் இயங்குதளத்தில் செய்யும் மாற்றம் மற்றொன்றில் தானாக வராது. குனோம் திரைச்சூழலைப் பயன்படுத்தும் சில லினக்சு வழங்கல்களில் தொடுபலகையைத் தட்டினால் சொடுக்காகும் வசதி தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்கும். விண்டோசில் தட்டிப் பழகியவர் இதைக் கண்டு தொடுபலகை பழுதாகிவிட்டதாக நினைக்க வாய்ப்புண்டு. பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் அமைப்புகளைப் பார்ப்பது நல்லது.

அம்புக்குறியின் வேகம்

சுட்டி ஓர் அங்குலம் நகரும்போது அனுப்பும் புள்ளிகளின் எண்ணிக்கை டிபிஐ எனப்படும். 800 டிபிஐ சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால், வேறு மாற்றம் இல்லாதபோது அம்புக்குறி 800 படப்புள்ளிகள் நகரும். 1366 படப்புள்ளிகள் அகலமுள்ள திரையை அதனால் கடக்க ஏறத்தாழ 1.7 அங்குலம் தேவை. 1600 டிபிஐ சுட்டிக்கு ஓர் அங்குலத்திற்கும் குறைவே போதும்.

விண்டோசு 11இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்டு டிவைசஸ், மவுஸ் என்ற வரிசையில் சென்றால் வேகத்தை மாற்றும் நழுவல் பட்டையைக் காணலாம். அங்குள்ள என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன் என்ற தெரிவு இயல்பாகவே இயங்கும். இத்தெரிவு இயங்கும்போது கை வேகமாக நகர்ந்தால் அம்புக்குறி கூடுதல் தூரமும், மெதுவாக நகர்ந்தால் குறைந்த தூரமும் செல்லும். ஒரே அளவு கை அசைவுக்கு எப்போதும் ஒரே தூரம் வேண்டுவோர், குறிப்பாக விளையாட்டு ஆடுவோரும் படம் வரைவோரும், இதை அணைத்துவிடுவதுண்டு.

பொத்தான்களும் சொடுக்கும்

சுட்டியின் இடப்பொத்தான் முதன்மையாக இருப்பது வலக்கையின் சுட்டுவிரலுக்கு ஏற்றது. சுட்டியை இடக்கையில் பிடிப்பவர் முதன்மைப் பொத்தானை வலப்பக்கத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரட்டைச் சொடுக்கில் இரு சொடுக்குகளுக்கும் இடையே விண்டோசு அனுமதிக்கும் நேரம் இயல்பாக 500 மில்லிநொடி, அதாவது அரை நொடி. இதற்குள் இரண்டாவது சொடுக்கு விழாவிட்டால் கோப்பு திறக்காது. விரல் மெதுவாக இயங்குபவர் இந்த இடைவெளியை 900 மில்லிநொடி வரை நீட்டிக்கலாம்.

தொடுபலகை

தொடுபலகை விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் படும்போது மேற்பரப்பின் மின்தேக்குத் திறனில் ஏற்படும் மாற்றத்தையே உணர்கிறது. எனவே கோடை வெயிலில் விரல் வியர்த்திருந்தால் அம்புக்குறி தாறுமாறாகத் துள்ளும். கையையும் பலகையையும் உலர்ந்த துணியால் துடைப்பதே இதற்கு முதல் தீர்வு.

தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டு எழுத்துகள் வேறிடத்தில் விழுந்தால், விண்டோசு 11இல் தொடுபலகையின் உணர்திறனைக் குறைக்கலாம். இதில் நான்கு நிலைகள் உள்ளன. தனியாகச் சுட்டி இணைக்கும்போது தொடுபலகை இயங்காதிருக்கவும் செய்யலாம். இரு விரல்களால் தட்டினால் வலச்சொடுக்கும், இரு விரல்களை நகர்த்தினால் உருட்டலும் நிகழும்.

உருட்டும் திசையும் மாற்றத்தக்கதே. விரல் செல்லும் பக்கமே பக்கத்தின் உள்ளடக்கமும் செல்லும் முறையை ஆப்பிள் 2011இல் தன் மேக் இயங்குதளத்தில் இயல்பிருப்பாக்கியது. கைபேசியில் பழகியவர்களுக்கு இது எளிது. பழைய சுட்டிச் சக்கரத்தில் பழகியவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும்.

அணுகுதன்மை

சுட்டியைப் பிடிக்க இயலாதவர்களுக்கு விண்டோசில் மவுஸ் கீஸ் என்ற வசதி உள்ளது. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம் லாக் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தி ஒப்புதல் அளித்தால், எண் விசைகளால் அம்புக்குறியை நகர்த்தலாம். தொடுபலகை பழுதான நேரத்திலும் இது கைகொடுக்கும். பார்வை குறைந்தவர்கள் அம்புக்குறியின் அளவையும் நிறத்தையும் மாற்றலாம். கண்ட்ரோல் விசையை அழுத்தும்போது அம்புக்குறி இருக்கும் இடத்தைச் சுற்றி வளையம் தோன்றுமாறும் செய்யலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைக் கல்வி நிறுவனங்கள் செய்துதர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கூறுகிறது. கணினி ஆய்வகத்தில் பெரும் செலவின்றிச் செய்யக்கூடியவற்றுள் இவ்வமைப்புகளும் அடங்கும்.

பொதுக் கணினிகளில்

விண்டோசில் இம்மாற்றங்கள் பெரும்பாலும் பயனர் கணக்கு வாரியாகச் சேமிக்கப்படுகின்றன. ஆய்வகத்தில் அனைவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால் ஒருவர் மாற்றிய பொத்தான் அடுத்தவரைக் குழப்பும். தனிக் கணக்கு இல்லாத இடத்தில், எழுந்து செல்லும் முன் பழைய நிலைக்கு மாற்றிவைப்பது முறை. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிச் சில நாள் பழகிப் பார்த்தால், எந்த மாற்றம் தமக்கு உதவியது என்பதை எளிதில் அறியலாம்.