வழியோரத் திருவிடங்கள்: தோற்றமும் பயனும்

ஊர் நடுவே எழும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அவ்வூரில் வாழ்வோர்க்கு உரியன. ஊரைக் கடந்து வழியோரத்தில் நிற்கும் சிறு மாடமும் குருசடியும் அடக்கத்தலமும் தனிக்கல்லும் வழிநடப்போர்க்கு உரியன. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு நோக்கினால் வழியோரத் திருவிடங்கள் ஏன் தோன்றின என்பது விளங்கும்.

தமிழகத்தில் இவற்றின் தொன்மையான வடிவம் நடுகல்லாகும். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துரைக்கிறது. பாலை நில வழிகளில் மயிற்பீலி சூட்டப் பெற்று நின்ற நடுகற்களைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்தலைக் குறிப்பிடுகிறது. ஆகவே, இறந்தவனை மறவாமையே இத்தகைய இடங்களின் முதல் நோக்கம் எனலாம்.

நினைவு எவ்வாறு வழிபாடாகக் கனிகிறது என்பதற்குத் தூத்துக்குடி மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1799 அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவ்விடத்தைக் கடந்து சென்ற மக்கள் ஆளுக்கொரு கல்லை இட்டு வணங்கிச் சென்றதால் அங்கே ஒரு கற்குவியல் எழுந்தது என்பது இவ்வட்டாரத்து வழக்கு. 1970இல் நடிகர் சிவாஜி கணேசன் அவ்விடத்தில் அவருக்குச் சிலை எழுப்பினார். சிலை ஒருவர் முயற்சி. கற்குவியலோ பெயர் தெரியாத வழிப்போக்கர் பலரின் கைப்பணி.

கடற்கரையில் வழி என்பது நிலத்தோடு முடிவதன்று. 1530களில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய பரதவர் வாழும் முத்துக்குளித்துறை ஊர்களில் குருசடிகள் பல உள்ளன. இக்கடலில் முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. குருசடிகளில் விளக்கேற்றும் வழக்கம் நிற்கவில்லை. மணப்பாட்டு மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் 1581இல் எழுந்தது. புயலில் சிக்கித் தப்பிய போர்த்துகீசியக் கப்பலின் முறிந்த பாய்மரத்தால் அங்கே முதற்சிலுவை நடப்பட்டது என்பது மரபுச் செய்தி. உயர்ந்த அக்குன்று கடலோடிகளுக்குக் கரை காட்டும் குறியாகவும் அமைந்தது.

காயல்பட்டினம் போன்ற ஊர்களில் இறைநேசர்களின் அடக்கத்தலங்கள் உள்ளன. அவற்றைக் கடந்து செல்வோர் சற்றே நின்று பாத்திஹா ஓதிச் செல்வது வழக்கம். நெறி வேறு, நம்பிக்கை வேறு. ஆயினும் நடப்பவனை ஒரு கணம் நிறுத்தித் தனக்கு முன் சென்றவரை எண்ணச் செய்தல் இவை யாவற்றுக்கும் பொதுவாகும்.

இவ்வெண்ணத்தின் மிக எளிய வடிவம் சுமைதாங்கிக் கல். நட்ட இரு கற்களின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி, ஆள் தோளுயரத்தில் அமைப்பர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இதனை நடுவது மரபு. இறக்கி வைக்க இயலாத சுமையோடு அவள் மறைந்தாள்; பிறர் சுமையை இறக்கினால் அவள் உயிர் அமைதியுறும் என்பது நம்பிக்கை. உப்பும் கருவாடும் கருப்பட்டியும் தலைச்சுமையாகச் சென்ற காலத்தில், பிறர் கைத்துணையின்றிச் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் அக்கல் உதவிற்று. ஒரு குடும்பத்தின் துயரம் ஊரார் அனைவர்க்கும் உதவியாக மாறிய அருமையை இங்கே காண்கிறோம்.

இன்று தலைச்சுமையாளர் அருகினர், சாலைகள் அகன்றன. பொது இடங்களில் அனுமதியின்றிப் புதிய வழிபாட்டிடங்கள் எழுப்பலாகாது என 2009 செப்டம்பர் 29இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. முன்பே உள்ளவற்றை ஒவ்வொன்றாக ஆய்ந்து முடிவெடுக்குமாறும் கூறிற்று. சாலையை மறித்துப் புதிதாக எழுபவற்றைத் தடுப்பது தக்கதே. ஆனால் அவ்வாறு ஆயும்பொழுது கோயிலுக்கும் தர்காவுக்கும் குருசடிக்கும் பரிந்து பேச ஒரு மக்கட்குழு இருக்கும். எல்லார்க்கும் உரிய சுமைதாங்கிக்கோ பேசுவார் எவருமிலர். எனவே அதுவே முதலில் பெயர்த்தெறியப்படும் நிலையில் உள்ளது.

தமிழ் பயிலும் மாணவர் தத்தம் ஊர்வழியில் நிற்கும் கற்களை அளந்து, எழுத்திருப்பின் படியெடுத்து, முதியோர் கூறும் வரலாற்றையும் குறித்து வைத்தல் வேண்டும். ஏட்டிலேறாப் பெண்களின் பெயர்களுள் சில அக்கற்களில் மட்டுமே எஞ்சியிருத்தல் கூடும்.