உஷார்! இரண்டே நாளில் பருவை அமுக்கும் ட்யூப்

சம்பா அறுவடை முடிந்து, தை, மாசியில் கல்யாணங்கள் வரிசைகட்டும்போது டெல்டாவின் மெடிக்கல் கடைகளில் இதை அடிக்கடி கேட்கலாம். "அண்ணே, மொகமெல்லாம் பரு. முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு, ஏதாச்சும் ட்யூப் குடுங்க." கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்பதில்லை. "ராத்திரி படுக்கும்போது தடவும்மா, ரெண்டே நாள்ல அமுங்கிடும்" என்று ஒன்றை எடுத்து நீட்டுகிறார். சொன்னபடியே அமுங்கியும் விடுகிறது. ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது!

அப்படிக் கைமாறும் ட்யூப்களில் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபீட்டசால் என்று பெயர்கள் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். இவை வீக்கத்தை அடக்கும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் பரு வற்றும், முகமும் சற்று வெளுத்துத் தெரியும். 'கலர் வந்துருச்சு' என்று பெண் சந்தோஷப்படுகிறாள். தங்கையும் எடுத்துத் தடவுகிறாள்.

சில வாரம் போகட்டும். கன்னத்திலும் தாடையிலும் ஒரே அளவில், அச்சில் வார்த்ததுபோலச் சிவந்த பொரிகள் கிளம்பும். தோல் மெலிந்து, உள்ளே ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும். பெண்களுக்குத் தாடையில் பூனைமுடி அடர்த்தியாகும். வெயிலில் நாலு அடி வைத்தால் முகம் திகுதிகுவென எரியும். பயந்துபோய் ட்யூபை நிறுத்தினால் எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பும். 'நிறுத்தினதால்தான் வந்தது' என்று நினைத்து மறுபடி அதே ட்யூப். இந்தச் சுழலில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இது என் பயம் மட்டும் இல்லை. நாட்டின் 12 மையங்களில் தோல் மருத்துவர்கள் முகத்தோல் கோளாறோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தவர்கள். அந்த 433 பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு. அதில் முதலிடம் எதற்குத் தெரியுமா? பருவுக்குத்தான்! பருவைப் போக்கும் என்று நாம் தடவுவதே பருவைக் கொண்டுவருகிறது. 2018-ல் மத்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, ட்யூபும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

பரு என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே சாமான் அல்ல. மயிர்க்காலோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைபட்டால் முதலில் வருவது வெண்புள்ளி. வாய் திறந்து காற்றுப்பட்டுக் கறுத்தால் கரும்புள்ளி. அது அழுக்கு இல்லை, ஆகவே கடலைமாவு போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாலும் போகாது. அங்கே கிருமி பெருகி வீங்கினால் சிவந்த பரு, பிறகு சீழ்ப்பரு. இன்னும் ஆழத்தில் போனால் கையில் தட்டுப்படும் வலியுள்ள கட்டி. கட்டியாக வருவது பள்ளமாகத் தழும்பு போடும், அதற்கு ஒருநாளும் வீட்டு வைத்தியம் பார்த்து நாள் கடத்தாதீர்கள்.

நம் ஊருக்கென்றே சில தூண்டுதல்கள் இருக்கின்றன. தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்துச் சடை பின்னும் பிள்ளைகளுக்கு நெற்றி ஓரத்தில், முடி தொடங்கும் கோட்டில், பொடிப்பொடியாகக் கிளம்பும். எண்ணெய் நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டாலே அதில் பாதி அடங்கும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் வியர்வை ஊறிய சட்டையோடு வயலிலும் பைக்கிலும் திரிகிறவர்களுக்கு நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில் அரிப்போடு வருவது பெரும்பாலும் பருவே இல்லை, மயிர்க்காலில் ஈஸ்ட் என்னும் பூஞ்சை பெருகுவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் விழுங்கினால் கூடும், ஸ்டீராய்டு தடவினால் இன்னும் கூடும்.

கல்யாண வயதுப் பெண்ணுக்குத் தாடையோரம் விடாமல் பரு, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது என்றால், கோளாறு முகத்தில் இல்லை. சினைப்பை நீர்க்கட்டி, ஹார்மோன் பரிசோதனை என்று பார்க்க வேண்டும். காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, பி12 ஊசி, ஜிம் பையன்கள் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி, இவையும் பருவைக் கிளப்பலாம். அதற்காகக் காசநோய் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் சொன்னால் போதும்.

ஸ்டீராய்டு ட்யூபைவிடப் பயமுறுத்துவது லேபிளே இல்லாத சிவப்பழகு கிரீம்கள். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் அபூர்வமான ஒரு ரகம் 15 பேருக்கு. அந்த 15-ல் 13 பேர் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் பூசியவர்கள். சந்தேகம் விழுந்தது பாதரசத்தின் மேல். முகத்துக்குப் பூசினது சிறுநீரகம்வரை போயிருக்கிறது!

முறையான மருந்து பருவுக்குக் கேட்க ஆறு, எட்டு வாரம் எடுக்கும். அடாபலின், பென்சாயில் பெராக்சைடு போன்றவை முதலில் தோலை உலர்த்தவும் செய்யும், பொறுக்கத்தான் வேண்டும். ஆகவே முகூர்த்தம் குறித்த அன்றே டாக்டரைப் பாருங்கள், பத்திரிகை அடித்த பிறகு அல்ல. பெரிய கட்டிகளுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை எழுதுவார்கள். நல்ல மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரக்கூடும், மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை கர்ப்பமாகக் கூடாது. கல்யாணம் பக்கத்தில் இருக்கும் பெண் இதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லியே ஆக வேண்டும், கூடப் போகும் அம்மாவும் சொல்லலாம்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருப்பவர்கள் தாங்களாக வேறொரு ட்யூபுக்கு மாற வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து அரசு மருத்துவமனையிலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை தடவியது எதுவானாலும், காலி ட்யூபாக இருந்தாலும், அட்டையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.