கடைசித் தகடு

1927 ஏப்ரல் 10. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யோசெமிட்டி மலைகள். 25 வயது ஆன்சல் ஆடம்ஸ், பெரிய கேமராவையும் படம் பதியும் கண்ணாடித் தகடுகளையும் முதுகில் சுமந்துகொண்டு, பனி படிந்த சரிவில் நண்பர்களோடு ஏறுகிறார். ஹாஃப் டோம் என்ற மாபெரும் பாறையைப் படமெடுக்க வேண்டும்.

பாறைக்கு எதிரே வந்து நின்றபோது மிச்சமிருந்தவை இரண்டே தகடுகள். மஞ்சள் வடிகட்டி மாட்டி ஒன்றை எடுத்தார். மனசு ஆறவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது தன்னை உலுக்கிய அந்தப் பிரமிப்பு இந்தப் படத்தில் வராது என்று உடனே பட்டது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு வடிகட்டியை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை உள்ளே விடாது; அதனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் கிட்டத்தட்ட கறுத்துப்போகும். அந்த இருண்ட வானத்தின் முன்னால் பாறை எழுந்து நின்றது. உலகப் புகழ்பெற்ற ‘மோனோலித்’ படம் அதுதான். எடுப்பதற்கு முன்பே முடிந்த படத்தை மனக்கண்ணில் கண்டுவிடும் வித்தை அன்று தனக்குக் கைவந்ததாக ஆடம்ஸ் பின்னாளில் சொன்னார்.

இத்தனைக்கும் அப்போது அவர் பியானோ கலைஞராகவே தயாராகிக்கொண்டிருந்தார்! 14 வயதில் பெற்றோருடன் முதன்முதலாக யோசெமிட்டி வந்தபோது கைக்குக் கிடைத்த கோடக் பெட்டிக் கேமராவில்தான் அவர் படமெடுக்கத் தொடங்கினார்.

உங்கள் செல்போனிலும் அந்தச் சிவப்பு வடிகட்டி உத்தியைச் செய்து பார்க்கலாம். கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, லென்ஸின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைப் பிடித்து, மேகமில்லாத நீலவானத்தைப் படமெடுத்துப் பாருங்கள்.