கதை ஒன்று, முகங்கள் பல

மாற்றாந்தாயின் கொடுமைக்கு ஆளான நற்குணப் பெண்ணொருத்தி, இறுதியில் அரசகுமாரனை மணந்து நல்வாழ்வு பெறுகிறாள். இக்கதை வழங்காத நாடு அரிது. குருபோங் முதலிய மலாக்கா வட்டாரங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளை இதனை ஆங்கிலத்தின் வழியே சிண்டரெல்லாவாகவும், மலாயின் வழியே பாவாங் மேரா, பாவாங் பூத்தே கதையாகவும் அறியக்கூடும். எழுத்துக் கூட்டக் கற்குமுன்பே பிள்ளை படத்தைப் படித்துவிடுகிறது. ஆதலின், இக்கதையின் படநூல்களை ஒப்பிடுங்கால் முதலில் ஆராயவேண்டுவது ஒன்றுண்டு: தீமையை ஓவியர் எங்கே தீட்டியிருக்கிறார்? செயலிலா, முகத்திலா?

பிரெஞ்சு ஆசிரியர் சார்ல் பெரோ 1697-இல் இக்கதையை வெளியிட்டார். அதில் மாற்றாந்தாயின் மக்கள் செருக்கு மிக்கவர்கள். ஆயினும் முடிவில் நாயகி அவர்களை மன்னித்துவிடுகிறாள். ஜெர்மானியரான கிரிம் உடன்பிறந்தார் 1812-இல் வெளியிட்ட கதையோ, அச்சகோதரிகள் முகத்தால் அழகியர், நெஞ்சத்தால் தீயவர் என்று தெளிவாகவே கூறுகிறது. அழகும் அறமும் ஒன்றல்ல என்பதை உணர்த்தும் இடம் இது.

1950-இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் படம் பெரோவின் கதையைத் தழுவியது. அதில் சகோதரியர் அழகற்றவராய், நகைப்புக்குரியவராய் வரையப்பெற்றனர். நாயகிக்கு வெண்ணிற மேனியும் பொன்னிறக் கூந்தலும் வாய்த்தன. அப்படத்தையொட்டி எழுந்த சிறுவர் நூல்களும் அவ்வுருவங்களையே பரப்பின. நல்லவள் வெளுத்தவள், தீயவள் அழகற்றவள் என்னும் பாடத்தைச் சொற்கள் கூறாவிடினும் படங்கள் கூறிவிடுகின்றன. தோட்டப்புறத்துப் பிள்ளை தன் தாயின் நிறத்தை, தன் அக்காளின் முகத்தை அந்நூலில் எங்கே காணும்?

மாற்றுவழி கண்ட ஓவியரும் உளர். அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜான் ஸ்டெப்டோ 1987-இல் முஃபாரோ என்பவரின் இரு மகளிரைப் பற்றிய ஆப்பிரிக்கக் கதையைப் படநூலாக்கினார். அதில் இருவரும் கறுப்பு நிறத்தவர், இருவரும் பேரழகியர். யார் நல்லவள் என்பதை அறியச் சிறுவன் அவர்களுடைய பார்வையையும் செயலையும் நோக்கியே ஆகவேண்டும். சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே சியன் கதையை ஆய்-லிங் லூயி மீண்டும் எழுத, எட் யங் ஓவியம் தீட்டி 1982-இல் ஒரு நூல் வெளிவந்தது. பெண்ணுக்குத் துணைநின்ற மீனின் வடிவம் அந்நூலின் படங்களிலெல்லாம் ஊடாடி நிற்கிறது. கொல்லப்பட்ட பின்னும் அம்மீன் அவளைக் கைவிடவில்லை என்பதை ஓவியமே உணர்த்திவிடுகிறது.

மலாய்க் கதையிலும் மீன் உண்டு. இறந்த தாயே மீனாகி வருகிறாள். மாற்றாந்தாய் அதனைக் கொன்று சமைக்க, மகள் எலும்புகளைப் பொறுக்கிப் புதைக்கிறாள். பின்னர் அவளுக்கு ஓர் அற்புத ஊஞ்சல் கிட்டுகிறது. அவள் பாடினால் அஃது ஆடும். சகோதரி பாடினால் அசையாது. மேனாட்டுக் கதை பெண்ணின் பாதத்தை அளந்து பார்க்கிறது. மலாய்க் கதையோ அவளுடைய பாட்டைக் கேட்கிறது.

பெயர்களும் கருதத்தக்கன. பாவாங் மேரா என்பது சிவப்பு வெங்காயம். பாவாங் பூத்தே என்பது வெள்ளைப்பூண்டு. மலேசியாவில் மேராவே நல்லவள். மலாக்கா நீரிணையைக் கடந்து இந்தோனேசியாவுக்குச் சென்றால் பூத்தே நல்லவளாகிவிடுகிறாள்! நன்மை சிவப்பிலும் இல்லை, வெள்ளையிலும் இல்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

தமிழாசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் பயன்படுத்தலாம். இரண்டு நூல்களை எடுத்துச் சொற்களை மறைத்துப் படங்களை மட்டும் காட்டுக. இவர்களுள் நல்லவள் யார், எதனால் அறிந்தாய் என்று வினவுக. நிறத்தையோ மூக்கையோ சுட்டி விடை வருமாயின், கதையை வாசித்துக் காட்டி மீண்டும் வினவுக. மாணாக்கர் தாமே மலாய்க் கதையைத் தமிழில் எழுதி, தம் வீட்டார் முகச்சாயலில் படம் வரைந்தால் இன்னும் நன்று. நல்லவளுக்குத் தன் அக்காளின் முகத்தைத் தீட்டிப் பார்த்த பிள்ளை, நன்மையைத் தோலின் நிறத்தில் தேடாது.