தாடிக்காரர் அடிக்கும் மணி

பொழுதை அளப்பது நமக்குப் புதிய கலையன்று. நீர்க்கலங்கொண்டு நாழிகை கணித்து அரசனுக்கு அறிவித்தவர்களை முல்லைப்பாட்டு பாசறையிலே காட்டுகின்றது. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு மணியோசைக்காகச் சனங்கள் கூடிக் காத்திருப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஐதராபாத்திலேதான் கண்டேன்.

அங்குள்ள சாலார் ஜங் அருங்காட்சியகம், மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுப் அலிகானும் (1889-1949) அவர் முன்னோரும் திரட்டிய பொருள்களால் ஆனது. 1951இல் திறக்கப்பட்டு, 1968இல் மூசி ஆற்றங்கரைக்கு வந்தது. தந்தம், பீங்கான், பளிங்கு என்று பார்த்துக் கண் களைத்துவிடும். இத்தாலியச் சிற்பி பென்சோனி செதுக்கிய ரெபேக்காளின் முகத்திரை கல்லென்று நம்பமுடியவில்லை. இன்னொரு மரச்சிலைக்கு முன்புறம் மெபிஸ்டோபிலிஸ், பின்புறம் மார்கரெட்டா. பின்னால் நிற்கும் கண்ணாடி அவளைக் காட்டுகிறது. கேதேயின் ‘பவுஸ்ட்’ படித்தவர் அவ்விடத்தைவிட்டு எளிதில் நகரார்.

கூட்டம் கூடுவதோ மணிக்கூட்டுக்கு முன்னால்தான். கல்கத்தாவின் குக் அன்ட் கெல்வி நிறுவனத்திடம் வாங்கியது. ஒரு கொல்லன் நொடிக்கு நொடி சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பான். மணியாகும்போது சிறு கதவு திறந்து தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளியே வரும்.

பன்னிரண்டுக்காகக் காத்திருந்தபோது எங்கள் வீட்டு மணிக்கூடு நினைவுக்கு வந்தது. 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம்பிடிக்கவென்று இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள்; ஒக்டோபரில் அது அரைமணியானது. மின்சாரமே இல்லாத அக்கராயனில் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம். பற்றரிக்கும் தடை. ஐயா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். நான் மிதியைச் சுற்றச் சுற்ற, டைனமோவில் வானொலி பேசும். கொழும்பு ஏழு மணி என்றால், எங்கள் சாவி மணிக்கூட்டில் ஆறரை. “அது அவையின்ரை நேரம்” என்பார் ஐயா.

2006 ஏப்ரலில் நாடே பழைய நேரத்துக்குத் திரும்பியது. 2008இல் இடம்பெயர்ந்தபோது மணிக்கூட்டைச் சுவரிலேயே விட்டுப்போனோம். திரும்பி வந்தபோது சுவரும் இல்லை.

தாடிக்காரர் வந்தார். பன்னிரண்டு தரம் அடித்தார். பிள்ளைகள் உரக்க எண்ணினார்கள். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இந்தியாவுக்கென்று அதைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. அதிலும் பன்னிரண்டுதான்.